ஊசி போட்டாயிற்று, இனியும் நடக்க வேண்டுமா?

இரண்டாம் வகைச் சர்க்கரை நோயில் ஹார்மோன் சிகிச்சையையும் உடற்பயிற்சியையும் பற்றிச் சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஆறுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். எழுதியவர்களின் பெயரை விட்டுவிட்டு வயதையும் ஊரையும் மட்டும் தந்திருக்கிறேன்.

கேள்வி: பன்னிரண்டு ஆண்டுகள் மாத்திரை சாப்பிட்ட பிறகு, நான்கு மாதங்களுக்கு முன் காலையும் இரவும் 30/70 இன்சுலின் ஊசி (30 பங்கு வேகமாகவும் 70 பங்கு மெதுவாகவும் வேலை செய்யும் கலவை) தொடங்கினார்கள். இன்சுலின் ஒரு ஹார்மோன், உடம்பில் குறைந்ததை வெளியிலிருந்து கொடுத்துவிட்டால் வேறு எதுவும் தேவையில்லை என்று நண்பர் சொல்கிறார். ஊசி தொடங்கிய பின் காலை நடையின்போது இரண்டு முறை கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. அதனால் நடையை நிறுத்திவிட்டேன். இனியும் நடக்க வேண்டுமா? (61 வயது வாசகர், பவானி)

பதில்: இன்சுலின் ஹார்மோன் என்று நண்பர் சொன்னது சரி. 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் லெனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகப் போடப்பட்ட நாள் தொட்டு, மருத்துவ உலகில் மிக அதிகமாகப் பயன்படும் ஹார்மோன் சிகிச்சைகளில் ஒன்று அது. ஆனால் அந்தச் சிறுவனுக்கு இருந்தது முதல் வகை நோய். அவனுடைய கணையத்தில் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. உங்களுக்கு இருப்பது இரண்டாம் வகை. இதில் சுரப்பு குறைவது பாதிக் கதைதான். சுரக்கின்ற இன்சுலினின் சொல்லைத் தசையும் கல்லீரலும் கேட்காமல் இருப்பது மற்றப் பாதி. வெளியிலிருந்து ஊசி போட்டால் முதல் பாதி சரியாகும். இரண்டாம் பாதி அப்படியே இருக்கும். நடக்காமல் ஊசியை மட்டும் நம்பியிருக்கும் பலருக்கு யூனிட் ஏறிக்கொண்டே போவதும், அத்துடன் எடையும் ஏறுவதும் இதனால்தான்.

நீங்கள் பவானிக்காரர், பரிசல் பார்த்திருப்பீர்கள். தசைச் செல்லுக்குள் குளுக்கோஸை ஏற்றிச் செல்லும் பரிசல் ஒன்று உண்டு. குளுட்-4 என்ற புரதம் அது. சும்மா இருக்கும் வேளையில் அது செல்லின் உள்ளே ஒதுங்கிக் கிடக்கும். இன்சுலின் கரையில் நின்று கூப்பிட்டால் அது கரைக்கு வந்து குளுக்கோஸை ஏற்றிக்கொள்ளும். இரண்டாம் வகை நோயில் அந்தக் கூப்பாடு சரியாகக் காதில் விழுவதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது எழும் அழைப்பு வேறு வழியாகப் போகிறது. இன்சுலினின் குரலுக்குச் செவிடான பரிசல்காரருக்கும் அது கேட்கிறது. நீங்கள் நடக்கிற முப்பது நிமிடமும் தசை இன்சுலினை எதிர்பாராமலே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாள் வரை இன்சுலினின் குரலும் கொஞ்சம் தெளிவாகக் கேட்கிறது. வாரத்துக்கு 150 நிமிடம் என்று சொல்வதோடு, தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் இடைவெளி விடாதீர்கள் என்று வலியுறுத்துவது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

இப்போது அந்த நடுக்கத்துக்கு வருகிறேன். கடிதத்தின் பின்பக்கத்தில் உங்கள் காலை நேரத்தை எழுதியிருக்கிறீர்கள்: 6.00 மணிக்கு ஊசி, 6.15-க்குக் கிளம்பிக் கூடுதுறை வரை நடை, 7.30-க்கு வீடு, குளியல், 8.15-க்கு இட்லி. கோளாறு நடையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. 30/70 ஊசியின் வேகமான பகுதி அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடும்; அது உச்சத்தை நோக்கி ஏறும் நேரத்தில் வயிற்றில் உணவு இல்லை, கால் தசையோ தன் பங்குக்குச் சர்க்கரையை இழுத்துக்கொண்டிருக்கிறது. இரண்டு வேலையாட்கள் ஒரே நேரத்தில் ஒரே மூட்டையைத் தூக்கினால் மூட்டை என்னவாகும்? உடற்பயிற்சி இன்சுலினின் வேகத்தைக் கூட்டுகிறது என்பதை லண்டன் மருத்துவர் ஆர். டி. லாரன்ஸ் 1926-லேயே எழுதிவிட்டார். அவரும் சர்க்கரை நோயாளிதான். தொடையில் ஊசி போட்டுக்கொண்டு உடனே நடந்தால், அந்தத் தசையில் இரத்த ஓட்டம் கூடுவதால் மருந்து இன்னும் விரைவாக உறிஞ்சப்படும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். எழுந்ததும் விரலில் குத்திச் சர்க்கரையைப் பாருங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஓர் ஏலக்கி வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். நடந்துவிட்டு வந்து, மறுபடி பார்த்து, அதன் பிறகு வயிற்றில் ஊசி போட்டு, உங்கள் மருத்துவர் சொன்ன இடைவெளியில் சாப்பிடுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் எப்போதும் இருக்கட்டும். நடுக்கம் வந்து, அளவு 70-க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை அல்லது குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, மறுபடி பார்க்க வேண்டும். சாக்லேட்டும் கிரீம் பிஸ்கட்டும் இந்த வேலைக்கு உதவா. அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். இவ்வளவு செய்தும் தாழ்நிலை வந்தால், ஊசியின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம். அதை நீங்களாகச் செய்யாமல் குறித்துவைத்த எண்களோடு மருத்துவரிடம் போங்கள். நடையை நிறுத்துவதுதான் கடைசியாகச் செய்ய வேண்டியது. நீங்கள் அதை முதலில் செய்துவிட்டீர்கள்.

கேள்வி: மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குப் பிறகு சர்க்கரை கட்டுக்குள் வரவில்லை, வயிறும் பெருத்துவிட்டது. இரவில் உடம்பெல்லாம் வேர்த்து எழுந்துவிடுகிறேன். மகப்பேறு மருத்துவர் ஹார்மோன் சிகிச்சை எடுக்கலாம் என்கிறார். ஹார்மோன் எடுத்தால் சுகர் ஏறும், புற்றுநோய் வரும் என்று அக்கா பயமுறுத்துகிறார். கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சாப்பிடுகிறேன். தினமும் கோயிலில் பதினொரு சுற்று சுற்றுகிறேன். வீட்டு வேலை முழுவதும் என்னுடையதுதான். (52 வயது வாசகி, கும்பகோணம்)

பதில்: முதலில் அந்த வேர்வையைப் பற்றி ஒரு சந்தேகம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரவில் வேர்த்தால் எல்லோரும் அதை ஹார்மோன் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஆனால் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் கிளிமிபிரைடு சாப்பிடும் ஒருவருக்கு நள்ளிரவில் சர்க்கரை தாழ்ந்தாலும் இதே போலத்தான் நைட்டி நனைய வேர்க்கும், நெஞ்சு படபடக்கும். எனவே அடுத்த முறை வேர்த்து எழுந்ததும், விசிறியைப் போடுவதற்கு முன் குளுக்கோமீட்டரை எடுங்கள். மூன்று நான்கு இரவு பார்த்து எழுதிவையுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மாற்ற வேண்டியது கிளிமிபிரைடை. ஹார்மோன் பேச்சுக்கே அங்கு இடமில்லை. 130, 150 என்று காட்டினால்தான் அது மாதவிடாய் நின்றதன் வெப்பம்.

அப்படித்தான் என்று உறுதியான பிறகு, அக்காவின் இரண்டு பயங்களையும் தனித்தனியே எடுத்துக்கொள்வோம். சுகர் ஏறும் என்பது உண்மைக்கு நேர் எதிர். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் குறையும்போதுதான் கொழுப்பு இடுப்பிலிருந்தும் தொடையிலிருந்தும் வயிற்றுக்கு இடம் மாறுகிறது, இன்சுலினுக்கான எதிர்ப்பு கூடுகிறது. நீங்கள் சொல்லும் மாற்றத்தில் வயதுக்கும் தசைக் குறைவுக்கும் ஒரு பங்கு உண்டென்றாலும், இதற்கும் ஒரு பங்கு உண்டு. அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்து, 2002-இல் பாதியில் நிறுத்தப்பட்ட பெரிய ஆய்வில், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் (புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு பெண் ஹார்மோனைப் போன்ற மருந்து) சேர்ந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களிடையே புதிதாகச் சர்க்கரை நோய் வந்தது மற்றவர்களைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

ஆய்வு நிறுத்தப்பட்டது வேறு காரணத்துக்காக: மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, இரத்த உறைகட்டி ஆகியவை மருந்து எடுத்தவர்களிடம் சற்றுக் கூடுதலாக வந்தன. மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொண்டால், ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் எட்டுப் பேருக்குக் கூடுதல். அக்காவின் இரண்டாவது பயம் இங்கிருந்து பிறந்தது. அது ஆதாரமற்ற பயம் அல்ல. ஆனால் அந்த ஆய்வில் கலந்துகொண்டவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகளுக்குள், அறுபது வயதுக்கு முன் தொடங்குபவர்களுக்கு நன்மை தீமைக் கணக்கு வேறு விதமாக இருக்கிறது என்பது பிறகு தெளிவானது. நீங்கள் அந்த வயதுக்குள் இருக்கிறீர்கள்.

ஆனாலும் சர்க்கரையைக் குறைப்பதற்காக இந்த ஹார்மோனை யாரும் எழுதித்தரக் கூடாது; நல்ல மருத்துவர்கள் எழுதுவதும் இல்லை. வெப்பமும் தூக்கமின்மையும் அன்றாட வாழ்வைக் கெடுக்கிறது என்றால் அதற்காக எடுக்கலாம், சர்க்கரை நோய் அதற்குத் தடையில்லை. சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாத்திரையைவிடத் தோலில் தடவும் ஜெல்லோ ஒட்டுப்பட்டையோ மேல் என்பது என் கருத்து. விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரல் வழியாகப் போவதால் டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு கூடுகிறது, இரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. தோல் வழியே போவது அந்த வழியைச் சுற்றிக்கொண்டு போகிறது. கருப்பை எடுக்கப்படாமல் இருந்தால் புரோஜெஸ்டிரோனும் சேர்த்தே தர வேண்டும். தொடங்குமுன் மேமோகிராம், இரத்த அழுத்தம், இதய நிலை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோயோ, மாரடைப்போ, பக்கவாதமோ, கால் இரத்தக் குழாயில் உறைகட்டியோ முன்பு வந்திருந்தால் இந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

கோயில் சுற்று நல்லதுதான். வெறுங்காலோடு சுற்றுவதுதான் எனக்குக் கவலை. பத்து மணிக்கு மேல் பிராகாரத்துக் கல் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் அந்தக் கொதிப்பு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். விடியற்காலையில் போங்கள், வீடு திரும்பியதும் உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

வீட்டு வேலையையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாற்பது வயதுக்குப் பிறகு குறைந்துகொண்டே வரும் தசை, மாதவிடாய் நின்ற பின் இன்னும் விரைவாகக் குறைகிறது. பாத்திரம் கழுவுவதாலும் நடப்பதாலும் மட்டும் அது திரும்பி வராது. எடையைத் தூக்க வேண்டும். ஜிம்முக்குப் போகச் சொல்லவில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ எடை; இரண்டு கையிலும் ஒன்று வைத்துத் தோளுக்கு மேலே பத்து முறை. கையில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது பத்து முறை. சுவரில் கை வைத்துத் தள்ளுவது பத்து முறை. இதை இரண்டு மூன்று சுற்றாக, வாரத்தில் இரண்டு மூன்று நாள் செய்யுங்கள். பத்து எளிதாகிவிட்டால் பாட்டிலுக்குப் பதில் இரண்டு கிலோ உளுந்துப் பையை எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் லூசியானாவில் 262 சர்க்கரை நோயாளிகளை வைத்து 2010-இல் வெளிவந்த ஆய்வில், நடை மட்டும் செய்தவர்களுக்கும் எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. அதே நேரத்தைப் பிரித்து இரண்டையும் செய்தவர்களுக்குத்தான் குறைந்தது.

கேள்வி: ஜிம்மில் எடைப் பயிற்சிக்கு முன் சர்க்கரை 128, முடித்ததும் 171. பயிற்சி செய்தால் குறைய வேண்டாமா? (33 வயது வாசகர், சேலம்)

பதில்: கடுமையாக முயலும்போது அட்ரினலின் பாய்கிறது, அது கல்லீரலிடம் இருப்பில் உள்ள குளுக்கோஸை வெளியே விடச் சொல்கிறது, தசை எடுத்துக்கொள்வதைவிடக் கல்லீரல் கொடுப்பது சிறிது நேரம் கூடுதலாகிவிடுகிறது. தீங்கில்லை. ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பாருங்கள், இறங்கியிருக்கும். முடித்ததும் பத்து நிமிடம் மெதுவாக நடந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும். அந்த 171-ஐப் பார்த்துப் பயந்து கூடுதலாக மருந்து எடுத்தால், பிறகு சர்க்கரை தாழ்ந்துவிடலாம்.

கேள்வி: எடை 88 கிலோ, இடுப்புச் சுற்றளவு 104 செ.மீ., சர்க்கரை ஓராண்டாக. எப்போதும் களைப்பு, தாம்பத்தியத்திலும் நாட்டமில்லை. முழு உடல் பரிசோதனைப் பேக்கேஜில் டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று வந்தது. ஊசி போட்டுக்கொண்டால் சர்க்கரையும் சரியாகும், தசையும் ஏறும் என்கிறார்கள். இரண்டாவது குழந்தைக்கும் முயல்கிறோம். (41 வயது வாசகர், திருப்பூர்)

பதில்: உங்கள் கடைசி வரியில் இருப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதை உங்களுக்கு யாரும் சொல்லியதாகத் தெரியவில்லை. வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் உள்ளே போனால், மூளை விதைப்பைக்கு அனுப்பும் ஆணையை நிறுத்திக்கொள்ளும். விந்தணு உற்பத்தி அடியோடு குறைந்துபோகும். குழந்தைக்கு முயலும் ஆண் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. கேள்விக்கு நேரான பதில் இத்துடன் முடிந்துவிடுகிறது.

ஆனால் இதே கேள்வியோடு ஐம்பது வயதைக் கடந்த பலரும் எழுதியிருப்பதால் மேலும் சொல்கிறேன். இந்தப் பேக்கேஜ் பரிசோதனைகள் மேல் எனக்கு நெடுநாளாகவே வருத்தம் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உயர்ந்தும் மாலையில் தாழ்ந்தும் இருக்கும் பொருள். காலை பத்து மணிக்குள், வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாட்களில் எடுத்து இரண்டிலும் குறைந்திருந்தால்தான் குறைவு எனலாம். மாலை நான்கு மணிக்கு எடுத்த ஓர் எண்ணை வைத்துக்கொண்டு ஊசி பேசுவது சரியல்ல. அத்துடன், வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தே இந்த ஹார்மோனைக் குறைக்கின்றன. எடை இறங்கும்போது அது தானாக ஏறுவதையும் பார்க்கிறோம்.

இதில் சுவையான ஒரு முரண் உண்டு. ஆஸ்திரேலியாவில் 50 முதல் 74 வயது வரையிலான 1,007 ஆண்களை வைத்து நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. எல்லோருக்கும் இடுப்பு பெருத்தவர்கள், டெஸ்டோஸ்டிரோன் சற்றுத் தாழ்ந்தவர்கள், சர்க்கரையின் வாசலில் நின்றவர்கள் என்ற பொது அடையாளம் இருந்தது. சிலருக்கு நோய் அப்போதுதான் தொடங்கியிருந்தது. எல்லோரையும் உணவு, உடற்பயிற்சித் திட்டத்தில் சேர்த்து, பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்மோன் ஊசி, மீதிப் பேருக்கு வெற்று ஊசி. இரண்டு ஆண்டு முடிவில் சர்க்கரை நோய் இருந்தது வெற்று ஊசிக்காரர்களில் 21 விழுக்காடு, ஹார்மோன் ஊசிக்காரர்களில் 12 விழுக்காடு. இதைக் காட்டித்தான் ஊசி விற்கிறார்கள். அதே ஆய்வில் ஹார்மோன் போட்டவர்களில் 22 விழுக்காட்டினருக்கு இரத்தம் எல்லை மீறிக் கெட்டியானது என்பதைக் காட்டுவதில்லை. அமெரிக்காவில் 5,000-க்கு மேற்பட்ட ஆண்களுக்கு ஜெல்லாகக் கொடுத்துப் பார்த்த இன்னொரு ஆய்வில், உடற்பயிற்சித் திட்டம் எதுவும் சேர்க்கப்படவில்லை. சர்க்கரை நோய் வருவதும் குறையவில்லை, ஏற்கெனவே இருந்தவர்களின் சர்க்கரை கட்டுப்படவும் இல்லை. இரண்டும் ஒரே மாதிரி ஆட்களை வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. மருந்தின் வடிவமும் வேறு. ஆயினும் ஹார்மோன் பலன் தந்த இடத்தில் பயிற்சி கூடவே இருந்தது, பயிற்சி இல்லாத இடத்தில் ஹார்மோனும் பேசவில்லை என்பதை நான் தற்செயல் என்று தள்ளிவிட மாட்டேன்.

பயிற்சி தனியாக என்ன செய்யும் என்பதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. சென்னையிலிருந்து டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரையின் வாசலில் நின்ற 531 இந்தியர்களிடையே, உணவையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 விழுக்காடு குறைந்தது. மெட்பார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறத்தாழ அதே அளவுதான். நீங்கள் ஆறு மாதத்தில் ஏழெட்டுக் கிலோ குறைத்துவிட்டு, காலையில் மறுபடி டெஸ்டோஸ்டிரோன் பாருங்கள். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால் உறக்கத்தில் மூச்சுத் தடைபடுகிறதா என்று சோதியுங்கள். களைப்புக்கு அதுவே காரணமாக இருக்கலாம். நாட்டமின்மைக்கு மனச்சோர்வு, இரத்த அழுத்த மாத்திரை என்று வேறு காரணங்களும் உண்டு. வெட்கப்படாமல் மனைவியோடு போய் மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைடு ஊசி ஏழு மாதமாக. 11 கிலோ குறைந்து சர்க்கரையும் நன்றாகக் கட்டுப்பட்டிருக்கிறது. ஆனால் மாடி ஏறக் கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறார், ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. இதுவும் ஹார்மோனா? நிறுத்திவிடலாமா? (36 வயது வாசகி, சென்னை)

பதில்: ஆம், இதுவும் ஹார்மோன் வழிச் சிகிச்சைதான். சாப்பிட்டதும் குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சுரந்து, இன்சுலினைத் தூண்டி, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தி, மூளையிடம் போதும் என்று சொல்கிறது. இயற்கையானது இரண்டு நிமிடத்தில் சிதைந்துவிடும். அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் நஞ்சில் இதன் நீடித்த சாயல் ஒன்று கண்டெடுக்கப்பட்டு, 2005-இல் முதல் மருந்து வந்தது. உங்கள் அப்பா போட்டுக்கொள்வது அந்தக் குடும்பத்தில் பின்னால் வந்தது. ஒருமுறை போட்டால் ஒரு வாரம் நிற்கிறது.

நீங்கள் கவனித்த ஊறுகாய் பாட்டில், எந்த இரத்தப் பரிசோதனையையும்விட நன்றாக நிலைமையைச் சொல்கிறது. பசி குறைந்து எடை இறங்கும்போது இறங்குவது கொழுப்பு மட்டுமல்ல. இழக்கும் எடையில் கால் பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்கு வரை கொழுப்பல்லாத திசு போவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, தசை அதில் அடக்கம். நம்மவர்களுக்குத் தொடக்கத்திலேயே தசை குறைவு, வயிற்றுக் கொழுப்பு அதிகம். 64 வயதில் கொஞ்சமாக இருக்கும் தசையையும் இழந்தால், சர்க்கரையைச் செலவழிக்கும் இடமே சுருங்கிவிடும். ஊசியை ஒருநாள் நிறுத்தினால் எடை திரும்பி வரும். வருவது பெரும்பாலும் கொழுப்பாகவே வரும், தசை தானாக வராது.

ஆனால் நிறுத்துங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கோபன்ஹேகனில் 195 பேரை வைத்து 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், எட்டு வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தவர்களைப் பிரித்து, சிலருக்கு இதே குடும்பத்து லிராகுளுடைடு ஊசி, சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்கு இரண்டும் என்று ஓராண்டு பார்த்தார்கள். இரண்டையும் செய்தவர்களுக்குக் கொழுப்பு குறைந்த அளவு, தனித்தனியாகச் செய்தவர்களைப்போல ஏறத்தாழ இருமடங்கு. எல்லாவற்றையும் நிறுத்தி மேலும் ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, ஊசி மட்டும் போட்டவர்களைவிட, பயிற்சியும் செய்தவர்கள் குறைத்த எடையை நன்றாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் உடல் பருமன் உள்ளவர்களே தவிரச் சர்க்கரை நோயாளிகள் அல்லர். இருந்தாலும் உங்கள் அப்பாவுக்கு இதைப் பொருத்திப் பார்ப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

அப்பாவுக்குக் கும்பகோணத்து வாசகிக்குச் சொன்ன நாற்காலிப் பயிற்சியைத் தொடங்குங்கள். முதல் வாரம் ஐந்து முறை எழுந்தாலே போதும், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். உணவில் புரதம் என்ன இருக்கிறது என்று கணக்கெடுங்கள். பசியில்லை என்று இரண்டு இட்லியோடு எழுந்துவிடுபவருக்குப் புரதம் எங்கிருந்து வரும்? சாப்பாட்டுத் தட்டில் முதல் கை சுண்டலுக்கோ முட்டைக்கோ மீனுக்கோ போகட்டும், சோறு பிறகு. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் ஏறத்தாழ அதே அளவு. சிறுநீரகம் பழுதில்லை என்றால் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமாவது நாளைக்குச் சேர வேண்டும். பழுது இருந்தால் அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வாந்தி, தொடர் வயிற்றுவலி வந்தால் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை மிக விரைவாக இறங்கியவர்களுக்கு விழித்திரைப் பாதிப்பு கூடுவதுண்டு என்பதால் கண் பரிசோதனையையும் தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: வலது தோள் இறுகிப்போய் ஜாக்கெட் கொக்கி போட முடியவில்லை. தோள்மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். வலி குறைந்தது, ஆனால் மறுநாள் சர்க்கரை 318. வலி இருப்பதால் உடற்பயிற்சியும் செய்யவில்லை. பயமாக இருக்கிறது. (57 வயது வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள் இறுகுவது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம், நீங்கள் எதையும் தவறாகச் செய்து வந்ததல்ல. ஸ்டீராய்டும் ஹார்மோன் வகைதான், அட்ரினல் சுரப்பியின் கார்டிசோலுக்கு உறவு. மூட்டுக்குள் போட்டாலும் கொஞ்சம் இரத்தத்தில் கசிந்து, கல்லீரலைச் சர்க்கரை விடச் செய்து, இன்சுலினுக்குத் தடையாக நிற்கும். முதல் இரண்டு மூன்று நாட்கள் உச்சம், பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் பழைய நிலை. ஒரு வாரம் மட்டும் நாளைக்கு நான்கு முறை சோதியுங்கள். வெறும் வயிற்றில் பார்ப்பதை மட்டும் நம்ப வேண்டாம், ஸ்டீராய்டின் ஏற்றம் மதியத்திலும் மாலையிலும்தான் தெரியும். 300-க்கு மேலேயே நின்று, தாகமும் அடிக்கடி சிறுநீரும் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். சில நாட்களுக்கு மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கலாம். அடுத்த முறை ஊசிக்கு முன்பே சர்க்கரை இருப்பதைச் சொல்லிவிடுங்கள்.

தோள் வலித்தாலும் கால் வலிக்கவில்லை. அந்த வாரம் மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு பத்து நிமிடம் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம். நியூசிலாந்தில் செய்த ஓர் ஆய்வில், நாளில் ஏதோ ஒரு நேரத்தில் சேர்த்து நடக்கும் முப்பது நிமிடத்தைவிட, இப்படிச் சாப்பாட்டுக்குப் பின் பிரித்து நடக்கும் பத்துப் பத்து நிமிடம் உணவுக்குப் பிந்திய சர்க்கரையை அதிகமாகக் குறைத்தது; இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வித்தியாசம் இன்னும் பெரியது. சர்க்கரை 300-க்கு மேல் இருந்து உடம்பும் சோர்ந்திருந்தால் மட்டும் அன்று நடையை விட்டுவிட்டுத் தண்ணீர் குடித்து ஓய்வெடுங்கள்.

தோளுக்கு, வலி குறைந்திருக்கும் இந்த நாட்களே பயிற்சிக்கு ஏற்ற நாட்கள். சும்மா இருந்தால் ஊசியின் பலன் கரைந்து, தோள் மறுபடி இறுகிவிடும். சுவரைப் பார்த்து நின்று, வலது கை விரல்களைச் சிலந்தி ஏறுவதுபோல மெல்ல மேலே நகர்த்துங்கள். இழுக்கிறது என்று தெரியும் இடத்தில் பத்து எண்ணிவிட்டு இறங்குங்கள். காலையும் மாலையும் பத்துப் பத்து முறை. எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி, ஞாயிறுதோறும் அடுத்த கோடு எங்கே விழுகிறது என்று பாருங்கள். மூன்று வாரத்துக்குப் பிறகும் கோடுகள் ஒரே இடத்தில் நின்றால் பிசியோதெரபிஸ்டிடம் போங்கள்.